கோர்வையும் கோப்புகளும்

காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டும், தறியை விட்டு இறங்குவதற்குள் ஒரே வஸ்திரமாகப் பிணைந்துவிடுவது போலவே, சர்வரில் இயங்கும் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் நிரலும் பல கோப்புகளாகப் பிரிந்திருந்து ஒன்றாகச் செயல்பட வேண்டியிருக்கிறது.

2009இல் ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் இயக்கும் நோட்.ஜேஎஸ்ஸை ரயன் டால் வெளியிட்ட காலத்தில், உலாவிக்கென்றே பிறந்த அம்மொழியில் ஒரு கோப்பு மற்றொன்றைத் தருவித்துக்கொள்ள முறையான மார்க்கம் இருக்கவில்லை. அவ்வாண்டே எழுந்த காமன்ஜேஎஸ் என்னும் ஏற்பாட்டையே நோட் சுவீகரித்தது. அதன்படி ஒவ்வொரு கோப்பும் அந்தரங்கமானது. 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று வெளியே வைத்ததை மட்டுமே பிறர் 'ரெக்வையர்' என்று கேட்டுப் பெறலாம்.

பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்று இணையக் கடை நடத்துவதாகக் கொள்வோம். தரவுதளத் தொடர்பை ஒரு கோப்பில் எழுதிவிட்டு, சரக்கிருப்பு, விலைச்சீட்டு, நெசவாளர் கூலி ஆகிய கோப்புகள் யாவும் அதையே கேட்டாலும், நோட் முதன்முறை மட்டும் அதை ஓட்டி, விளைவை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, பிறகு கேட்போர்க்கெல்லாம் அதே பொருளையே தருகிறது. தொடர்புக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் அந்தப் பொதுக் கோப்பிலேயே 'இப்போதைய வாடிக்கையாளர்' என்றொரு மாறியையும் வைத்துவிட்டால், ஒருவர் தேர்ந்த முகூர்த்தப் புடவை மற்றொருவர் கணக்கில் ஏறும் விபரீதம் நேரலாம். அத்தகைய விவரத்தைச் செயற்கூறுக்கு உள்ளீடாகவே அனுப்ப வேண்டும்.

2015இல் மொழியின் நியமத்திலேயே 'இம்போர்ட்', 'எக்ஸ்போர்ட்' இடம்பெற்றன. பழைய முறையும் இன்றளவும் வழக்கொழியவில்லை.