கைக்குள் அடங்கிய காரியாலயம்

1995 ஆம் ஆண்டு ஜூலை 31 ஆம் நாள், கல்கத்தாவின் ரைட்டர்ஸ் கட்டிடத்தில் அமர்ந்திருந்த மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு, புது தில்லி சஞ்சார் பவனில் இருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் ஒரு கைத்தொலைபேசியின் வாயிலாக உரையாடினார். இந்தியாவில் செல்லுலார் முறையில் நடைபெற்ற முதல் உரையாடல் அதுவே. கருவி நோக்கியா நிறுவனத்தினுடையது. வலையமைப்பை நிறுவியது மோடி டெல்ஸ்ட்ரா என்னும் கூட்டு நிறுவனம். அதற்குப் பதினைந்து நாட்கள் கழித்து, ஆகஸ்டு 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பை வழங்கத் தொடங்கிற்று. பம்பாய், தில்லி, சென்னை ஆகிய நகரங்களோடு கல்கத்தாவும் அச்சேவையைப் பெற்றது. இவ்வாறு, கம்பியின்றிப் பேசும் குரலும், கம்பி வழியே வரும் மின்னஞ்சலும் பதினைந்து நாட்களுக்குள் ஒரே நகரத்துக்கு வந்து சேர்ந்தன. அவை இரண்டும் ஒரே உள்ளங்கையில் கூடும் என்று அன்று எண்ணியவர் மிகச் சிலரே.

மூன்றாவதாக ஒரு பொருளும் அக்கூட்டத்தில் சேர வேண்டியிருந்தது. அது நாட்குறிப்பு. அமெரிக்கப் பொறியியலாளர் ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப்பையில் அடங்கத்தக்க குறிப்பேட்டுக் கருவியொன்றை உருவாக்க முற்பட்டபோது, முதலில் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிக்கொண்டு, அதைப் பல நாட்கள் பையில் சுமந்து திரிந்தார். யாரேனும் ஒரு நாளைக் குறிப்பிட்டால், கட்டையை எடுத்துக் குச்சியால் எழுதுவதுபோல் பாவனை செய்வார். கருவி கைக்கு இசைந்ததா என்பதை யந்திரம் பிறக்கும் முன்னரே அறிந்துகொள்ள இதைவிட எளிய சோதனை வேறில்லை. 1996 இல் விற்பனைக்கு வந்த ‘பைலட்’ என்னும் அக்கருவி முகவரி, நாட்காட்டி, செய்ய வேண்டிய பணிகள், குறிப்புகள் ஆகிய நான்கையும் காத்தது. அதன் நினைவகத்துக்கு இடைவிடாத மின்சாரம் தேவைப்பட்டது. மின்கலம் அறவே தீர்ந்தால் எழுதியது யாவும் அழியும். ஆதலின் கருவியை மேசைமீதுள்ள தாங்கியில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால், அதன் உள்ளடக்கமும் மேசைக் கணிப்பொறியில் உள்ள பிரதியும் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டுச் சமமாக்கப்பட்டன. இரண்டாம் பிரதி இல்லாத குறிப்பேடு குறிப்பேடே அன்று என்பதை அச்சிறு பொத்தான் தன்னை உடையவருக்கு நாள்தோறும் நினைவூட்டிற்று.

குரல், கடிதம், குறிப்பேடு ஆகிய இம்மூன்றும் இன்று ஒரே கண்ணாடித் தகட்டின்மேல் தோன்றுகின்றன. எனினும் அவற்றின் இயல்புகள் வெவ்வேறு. குரல் உடனே விடை வேண்டுவது. அழைப்பு ஒலிக்கும்போது எடுக்காவிடில் அது அற்றுப்போகிறது. கடிதம் காத்திருக்கவே பிறந்தது. குறிப்பேடோ வேறு எவருக்கும் உரியதன்று. எழுதியவரிடமே தங்க வேண்டியது. கைக்கருவியோடு வாழ்வதில் உண்டாகும் தொல்லைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டை மறப்பதால் விளைபவை.

கொல்கத்தாவின் பழைய செய்திப் போக்குவரத்தை நோக்கினால் இது தெளிவாகும். வில்லியம் ஓஷாகனெஸ்ஸி என்னும் மருத்துவர் 1839 இலேயே அந்நகரத்தருகே தந்திக் கம்பிச் சோதனையை நிகழ்த்தினார். 1851 இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்திப் போக்குவரத்து தொடங்கிற்று. ஹூக்ளி ஆற்றில் நுழையும் கப்பல்களின் செய்தி அதன் வாயிலாக நகரத்தை எட்டியது. தந்தி எவ்வளவு விரைந்து வந்தாலும், அது எழுத்தில் பெயர்க்கப்பட்டு, உறையில் இடப்பட்டு, ஒரு சேவகரின் கையால் வாயிலுக்கு வரவேண்டும். அஞ்சலுக்கோ, டல்ஹௌசி சதுக்கத்துப் பெரிய தபால் நிலையத்தில் கட்டு எடுக்கும் நேரமும் பட்டுவாடா நேரமும் வகுக்கப்பட்டிருந்தன. காரியாலயத்தில் ‘வந்தவை’ என்னும் பதிவேட்டில் எண் பெற்ற பின்னரே கடிதம் மேசைக்குச் செல்லும். செய்தி வந்து சேரும் நேரத்துக்கும் அதைக் கவனிக்கும் நேரத்துக்கும் நடுவே இத்தனை பேர் நின்றனர். தாமதம் என்று அதைக் குறைகூறினோர் பலர். ஆயினும் அத்தாமதமே உத்தியோகஸ்தரின் மாலைப்பொழுதைக் காத்தது என்பதும் உண்மை. கைக்கருவி அச்சேவகரையும் பதிவு எழுத்தரையும் நீக்கிவிட்டது. அவர்களுடைய வேலை நீங்கவில்லை. கருவியை வைத்திருப்பவரே அதைச் செய்கிறார், ஊதியமின்றி, இரவிலும்.

இம்மாற்றத்தை நிறைவேற்றியது பிளாக்பெர்ரி என்னும் கருவி. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று 1999 இல் அதை வெளியிட்டது. இந்தியாவில் 2004 இல் ஏர்டெல் நிறுவனத்தின் வாயிலாக விற்பனைக்கு வந்தது. அதுகாறும் கருவியே அவ்வப்போது வழங்கிக் கணிப்பொறியை நாடி, ‘எனக்குக் கடிதம் உண்டோ?’ என்று வினவ வேண்டும். புதிய முறையில் கருவிக்கும் நிலையத்துக்கும் இடையே மெல்லிய தொடர்பு ஒன்று எப்பொழுதும் திறந்திருக்கும். கடிதம் வந்த மாத்திரத்தில் நிலையமே அதைக் கருவிக்குத் தள்ளிவிடும். இடுப்புறையில் ஓர் அதிர்வு எழும். கடிதம் அழைப்பின் குரலைப் பெற்றுவிட்டது. எழுதியவர் அவசரம் என்று கருதாத கடிதமும் படிப்பவரின் கையை உடனே இழுத்தது. பெட்டியிலிருந்து நாமே எடுத்துவரும் கடிதத்துக்கும் தோளைத் தட்டும் கடிதத்துக்கும் உள்ள வேறுபாடு சொற்களில் இல்லை. நேரத்தை ஆள்பவர் யார் என்பதில்தான் உள்ளது.

இதற்கு மின்சாரத்திலும் விலை உண்டு. களப்பணியாளர் இதை அறிந்திருத்தல் நலம். கைக்கருவியின் வானொலிப் பகுதி ஒரு சிறு செய்தியைப் பெற்றவுடன் உறங்கிவிடுவதில்லை. அடுத்த செய்தி வரக்கூடும் என்று சில விநாடிகள் விழித்திருக்கிறது. ஆகவே, பத்துக் கடிதங்கள் தனித்தனியே வந்தால் பத்து முறை விழிப்பு. ஒருங்கே வந்தால் ஒரு முறையே. மேலும், கோபுரம் தொலைவில் இருக்குமாயின் கருவி தன் ஒலிபரப்பு ஆற்றலைப் பெருக்கிக்கொள்கிறது. சுந்தரவனத் தீவுகளிலோ மலைச்சரிவிலோ பணியாற்றுவோரின் கருவி நண்பகலுக்குள் சோர்ந்துவிடுவதற்குக் காரணங்களுள் இதுவும் ஒன்று. ‘தள்ளும்’ முறையை நிறுத்தி, மணிக்கு ஒருமுறை கடிதங்களை எடுத்துவருமாறு அமைத்தால் மின்கலம் கூடுதலாக நிற்கும். பணியில் ஆழ்ந்த மனமும் அவ்வாறே நிற்கும். உண்மையில் அவசரமானதற்குத் தொலைபேசி அழைப்பு இருக்கவே இருக்கிறது. மேலதிகாரியும் கீழ்ப்பணியாளரும் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம்.

பிரான்சு நாட்டில் பணிநேரத்துக்குப் பின் இத்தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை 2017 ஜனவரி முதல் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் இதுபற்றித் தொழிலாளரோடு பேச வேண்டும். இந்தியாவில் 2018 இல் சுப்ரியா சுலே இத்தகைய தனிநபர் மசோதா ஒன்றை மக்களவையில் கொணர்ந்தார். அது சட்டமாகவில்லை.

இனி, குறிப்பேட்டின் செய்தி. 2020 மே 20 ஆம் நாள் அம்பன் புயல் வங்கக் கரையைக் கடந்தது. பெருந்தொற்றின் பொருட்டு வீடடங்கியிருந்த கொல்கத்தா மக்கள் அந்நாட்களில் காரியாலயம், பள்ளி, வங்கி ஆகிய யாவற்றையும் கைக்கருவி ஒன்றாலேயே நடத்தி வந்தனர். ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன, மின்கம்பிகள் அறுந்தன, நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கைத்தொலைபேசித் தொடர்பும் பல நாட்கள் இல்லாது போயின. கருவி கையில் இருந்தது. மின்கலத்தில் சிறிது உயிரும் இருந்தது. எனினும் திறந்தவிடத்து ஒன்றுமில்லை. இன்றைய கைக்கருவி காட்டுவதெல்லாம் அதனுள் இருப்பவை அல்ல. கடிதங்களின் தலைப்பு மட்டும் உள்ளே இருக்கலாம். இணைப்புக் கோப்புகள் தொலைவில் உள்ள வழங்கியில் இருக்கும். தொடர்பு உள்ளவரை இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தொடர்பு அறும்போதுதான் கையில் உள்ளது எது, கையில் தெரிந்தது எது என்பது புலனாகிறது. பைலட் கருவியில் மின்சாரம் போனால் குறிப்பு போயிற்று. இன்று தொடர்பு போனால் குறிப்பு எட்டாது போகிறது.

பரிகாரம் எளிதே. பெரும்பான்மையான கருவிகளில் குறிப்பிட்ட கோப்புகளையும் வரைபடங்களையும் உள்ளேயே இறக்கி வைக்கும் வசதி உண்டு. பயணத்துக்கு முன்னர் அதைச் செய்து, தொடர்பைத் தாமே துண்டித்து, கோப்பு திறக்கிறதா என்று ஒருமுறை சோதித்தல் வேண்டும். இச்சோதனையைச் செய்வோர் அரிதினும் அரிது. மருத்துவமனை, மேலதிகாரி, தலைமையாசிரியர், அண்டை வீட்டார் ஆகியோரின் எண்கள் பத்தையேனும் தாளில் எழுதி வைத்திருப்பது பழைமைப் பற்று ஆகாது. 2021 முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் ‘போஷன் டிராக்கர்’ என்னும் கைக்கருவிச் செயலியில் பதிந்து வருகின்றனர். அத்தகைய பதிவு கருவியிலேயே நிற்கிறதா, வழங்கிக்குச் சென்று சேர்ந்துவிட்டதா என்பதைப் பார்த்தறியாமல் கருவியை மற்றொருவரிடம் ஒப்படைப்பது ஆபத்தானது. ஒரு குழந்தையின் ஒரு மாதத்து எடை அதில் மறைந்துபோகக்கூடும்.

தமிழிலும் வங்காளியிலும் குறிப்பெழுதுவோர் மற்றொன்றையும் கருத வேண்டும். முற்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. அவ்வெழுத்துரு இல்லாத கருவியில் அக்குறிப்புகள் பொருளற்ற அடையாளங்களாய்த் தோன்றும். யூனிகோட் முறையில் அத்தொல்லை இல்லை. பழைய மாணவர் பட்டியலையோ கள ஆய்வுக் குறிப்பையோ வைத்திருப்பவர், அதைப் படிக்கவல்ல கணிப்பொறி இன்னும் இயங்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நன்று.

கருவிகளின் ஆயுள் அவற்றில் எழுதப்பட்டவற்றின் ஆயுளைவிடக் குறுகியது. முதல் உரையாடல் எழுந்த ரைட்டர்ஸ் கட்டிடத்திலிருந்து மாநிலத் தலைமைச் செயலகம் 2013 இல் ஹவுராவின் நபன்னாவுக்குப் பெயர்ந்தது. தந்திச் சேவையும் அவ்வாண்டு ஜூலையில் நின்றது. பழைய பிளாக்பெர்ரி கருவிகளுக்கான சேவைகளை அந்நிறுவனம் 2022 ஜனவரி 4 அன்று நிறுத்திற்று. முகவரிகளை எந்தக் கருவியும் படிக்கத்தக்க பொது வடிவத்தில் ஒரு கோப்பாக வெளியே எடுத்துத் தரும் கட்டளை அநேகமாக எல்லாக் கைக்கருவிகளிலும் தொடர்புப் பட்டியலின் அமைப்புகளுக்குள் இருக்கிறது. காலாண்டுக்கு ஒருமுறை அக்கோப்பை எடுத்து வேறோர் இடத்தில் சேமிக்க இரண்டு நிமிடங்கள் போதும்.