சியாமா சாஸ்திரி: உணர்வுக்குள் மறையும் கணக்கு

வாக்கேயக்காரர் வரிசை – 9

கர்நாடக இசையை நெடுநாள் கேட்டுப் பழகியவர்களுள், தம் மனத்துக்கு மிக நெருங்கிய வாக்கேயக்காரர், அதாவது பாடலின் சொல்லையும் இசையையும் தாமே ஆக்கியவர், என்று சியாமா சாஸ்திரியை முதலில் குறிப்பிடுவோர் சிலரே. சென்ற இரு வாரங்களில் இத்தொடரில் பேசப்பட்ட தியாகராஜரும் முத்துசுவாமி தீட்சிதரும் நூற்றுக்கணக்கான பாடல்களை விட்டுச் சென்றிருக்க, சாஸ்திரியின் பாடல்களில் இன்று மேடையில் ஒலிப்பவை நூற்றைக்கூட எட்டுவதில்லை. ஆயினும் அவரைத் தேர்ந்துகொண்ட ரசிகர்கள் எளிதில் வேறொருவரிடம் மாறுவதில்லை என்பதும், அவர்களுள் பலர் நீண்ட கால இசைப் பழக்கத்துக்குப் பிறகே அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் என்பதும் கவனிக்கத்தக்கவை. தாளக் கணக்கில் மிகக் கடினமானவற்றை எடுத்தாண்டபோதும், அந்தக் கடினம் கேட்பவரின் காதில் உறுத்தாமல் உணர்வாக மட்டுமே வந்து சேரும்படி செய்தவர் என்பதே அந்த ஈர்ப்பின் அடிப்படை என்று கூறலாம்.

ஆலயமும் கல்வியும்

சங்கீத மும்மூர்த்திகள் எனப்படும் இம்மூவரும் திருவாரூரில் பிறந்தவர்கள். அவர்களுள் மூத்தவரான சாஸ்திரி 1762ஆம் ஆண்டில் பிறந்தார். வேங்கடசுப்பிரமணியர் என்பது அவருடைய இயற்பெயர். அவருடைய முன்னோர், காஞ்சிபுரத்திலிருந்து பாதுகாப்புக் கருதி வெளியே கொண்டுவரப்பட்ட பங்காரு காமாட்சி என்னும் பொன் திருமேனியைத் தலைமுறை தலைமுறையாகப் பூசித்து வந்த அர்ச்சகர்கள் ஆவர். அத்திருமேனி பல ஊர்களில் தங்கித் திருவாரூரை அடைந்து, ஹைதர் அலியின் படையெடுப்பால் சோழநாடு கலங்கிய காலத்தில் தஞ்சாவூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது என்றும், அங்கே மராட்டிய மன்னரின் ஆதரவில் அதற்குத் தனி ஆலயம் அமைந்தது என்றும் மரபு கூறுகிறது. தேவியைப் பின்தொடர்ந்து குடும்பமும் தஞ்சைக்குக் குடிபெயர்ந்தது. சாஸ்திரி தம் வாழ்நாளின் எஞ்சிய காலத்தை அவ்வாலயத்தின் பூசையிலேயே கழித்து, 1827இல் மறைந்தார்.

அவருடைய இசைக் கல்வியில் இருவரின் பெயர்கள் முக்கியமானவை. சங்கீத சுவாமி என அழைக்கப்பட்ட ஆந்திரத் துறவி ஒருவர் தாள நூல்களின் நுட்பங்களை அவருக்குக் கற்பித்தார். பின்னர் தஞ்சை அரண்மனை வித்துவானான பச்சிமிரியம் ஆதியப்பய்யாவிடம் அவர் பயிற்சி பெற்றார். இன்றும் பாடப்படும் பைரவி ராக அட தாள வர்ணத்தை இயற்றியவர் இந்த ஆதியப்பய்யாவே. ஆசிரியரின் பெயரை நிலைநிறுத்திய அதே பைரவியில்தான் மாணவரின் தலைசிறந்த படைப்பும் பின்னாளில் பிறந்தது.

ஒரே முகவரி

சாஸ்திரியின் பாடல்கள் மிகப் பெரும்பாலும் அன்னையை நோக்கியவை. அவற்றிலும் பெரும்பகுதி காமாட்சிக்கு உரியது. மதுரை மீனாட்சியைப் பாடிய நவரத்னமாலிகை என்னும் ஒன்பது கீர்த்தனங்களின் தொகுதியும், வேறு சில தலங்களின் தேவியரைப் பாடியவையும் உண்டு என்றாலும், அவற்றிலும் குரல் மாறுவதில்லை. தீட்சிதர் ஒரு தலத்தைப் பாடும்போது அத்தலத்தின் மூர்த்தி, தீர்த்தம், புராணம், மந்திர நுட்பம் ஆகியவை பாடலுக்குள் இடம்பெறுகின்றன. தியாகராஜர் ராமனிடம் கெஞ்சுகிறார், கோபிக்கிறார், வாதாடுகிறார், உலகத்தாருக்கு அறிவுரையும் சொல்கிறார். சாஸ்திரியோ வேறு எவரையும் பார்ப்பதில்லை. தாயிடம் நின்று, தன்னைக் காக்க வேண்டும், இதுவே தருணம், உன்னையன்றி வேறு கதியில்லை என்று மட்டும் திரும்பத் திரும்ப வேண்டுகிறார்.

பொருளின் இந்தக் குறுகிய எல்லையைக் குறையாகக் கருதுவோர் உண்டு. ஆனால் சொல்லப்படும் செய்தி மாறாமல் இருக்கும்போது கேட்பவரின் கவனம் முழுவதும் அது சொல்லப்படும் விதத்தின் மீது திரும்புகிறது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆகிரி ராகத்தில் அமைந்த ‘மாயம்மா’வும், மாஞ்சி ராகத்தில் அமைந்த ‘பிரோவ வம்மா’வும் ஏறத்தாழ ஒரே வேண்டுதலைச் சுமந்தாலும், முன்னதில் அழுகைக்கு அருகில் நிற்கும் குரல் பின்னதில் தேறி, நம்பிக்கையோடு காத்திருக்கும் குரலாகிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது முழுக்க முழுக்க ராகமும், ஸ்வரங்களை நீட்டியும் அசைத்தும் பாடும் கமகமுமே ஆகும். ஒரே சொல்லை ராகத்தின் வழியே பல மனநிலைகளாக்கிக் காட்டும் இத்திறனே அவரை நாடுவோரைத் தொடர்ந்து ஈர்க்கிறது.

ஏழின் இரு வடிவங்கள்

தாளத்தில் அவர் செய்தவற்றை விளங்கிக்கொள்ள மிச்ர சாப்பு சிறந்த வாயில். ஏழு மாத்திரைகள் கொண்ட இத்தாளம் வழக்கமாக மூன்றும் நான்கும் எனப் பிரிந்து நடக்கும். அதைத் திருப்பி நான்கும் மூன்றும் என நடத்தினால் அது விலோம சாப்பு ஆகும். பூர்விகல்யாணி ராகத்தில் அமைந்த ‘நின்னு வினகா மரி’ இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. மொத்த அளவு மாறாதபோதும் அழுத்தம் விழும் இடம் மாறுவதால், பாடலின் நடையில் இலேசான தயக்கமும் உடனே அதை மீறும் உந்துதலும் தோன்றுகின்றன. வேண்டுதலைச் சொல்லத் தொடங்கித் தடுமாறும் ஒருவரின் பேச்சுக்கு இந்த நடை இயல்பாகவே பொருந்துகிறது.

சாவேரி ராகத்தில் அவர் இயற்றிய ‘சங்கரி சங்குரு’ என்னும் பாடலை ரூபக தாளத்திலும், ஒவ்வோர் அட்சரத்தையும் மும்மூன்றாகப் பகுக்கும் திச்ர நடை ஆதி தாளத்திலும் பாட இயலும். இருபத்து நான்கு மாத்திரைகளை ஆறு நான்குகளாகவும் எட்டு மூன்றுகளாகவும் பங்கிடலாம் என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை. எனினும் சொற்களும் ராகமும் எந்தப் பங்கீட்டிலும் சிதையாதவாறு பாடலை நெய்வதற்கு அசாதாரணமான தேர்ச்சி வேண்டும். இதனை அறியாத ரசிகர் இப்பாடலைத் தாலாட்டைப் போலக் கேட்டு மகிழ்கிறார். அறிந்தவர் மகிழ்ந்தபடியே வியக்கிறார். இருவரும் இழப்பது எதுவுமில்லை.

எட்டுப் படிகள்

அவருடைய மேதைமை முழு அளவில் வெளிப்படுவது ஸ்வரஜதிகளில்தான். ஸ்வரஜதி என்பது முதலில் நாட்டிய அரங்குக்கு உரிய வடிவமாக இருந்தது. ஆட்டத்துக்கான சொற்கட்டுகளான ஜதிகள் அதில் இடம்பெற்றன. ஜதிகளை நீக்கி, ஒவ்வொரு பகுதியையும் முதலில் ஸ்வரமாகவும் பின்னர் அதே மெட்டில் சொல்லாகவும் பாடும்படி அமைத்து, அதைக் கச்சேரிக்கு உரிய கனமான உருப்படியாக மாற்றியவர் சாஸ்திரி. பைரவி, யதுகுலகாம்போதி, தோடி ஆகிய ராகங்களில் அமைந்த மூன்றும் ரத்தினத் திரயம் எனப் போற்றப்படுகின்றன.

இவற்றுள் பைரவி ஸ்வரஜதியின் கட்டமைப்பு தனித்து நோக்கத்தக்கது. அதன் எட்டுச் சரணங்களும் ச, ரி, க, ம, ப, த, நி, மேல் ச என்று முறையே அடுத்தடுத்த ஸ்வரத்தில் தொடங்குகின்றன. இவ்வாறு ஒரு திட்டத்தை முன்கூட்டியே வகுத்துக்கொண்டால் இசை இயந்திரத்தன்மை அடையும் அபாயம் உண்டு. இங்கோ ஒவ்வொரு சரணமும் தான் தொடங்கும் ஸ்வரத்தின் நோக்கிலிருந்து பைரவியைப் புதிதாகப் பார்க்கிறது. கீழ் ஷட்ஜத்தில் அடங்கிய குரலாகத் தொடங்கும் வேண்டுதல், பஞ்சமத்தில் உறுதி பெற்று, மேல் ஷட்ஜத்தை எட்டும்போது மறைக்க எதுவுமற்ற முறையீடாகிறது. ஏறுவரிசை என்னும் இலக்கணம் ஒரு பக்தனின் மன எழுச்சியாகவே மாறிவிடுகிற இந்த இடத்தில், கணக்கையும் உணர்வையும் பிரித்துப் பேசுவது இயலாததாகிறது. சாஸ்திரியைத் தம்முடையவராகக் கொள்ளும் ரசிகர்கள் பெரும்பாலும் சுட்டும் படைப்பு இதுவாக இருப்பதில் வியப்பில்லை.

சிறுகுழுவின் காவல்

அவருடைய பாடல்கள் பரவலாகாமைக்கு, அவற்றின் கடினத்தோடு அவர் பெரிய சீடர் கூட்டத்தை உருவாக்காததும் காரணம். மகன் சுப்பராய சாஸ்திரியும் வேறு சில மாணவர்களுமே அவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசென்றனர்; பின்னாளில் வீணை தனம்மாளின் குடும்பம் அவற்றைப் பெருஞ்செல்வமாகப் பேணியது. அக்குடும்பத்தின் டி. பிருந்தா, டி. முக்தா சகோதரியர் விளம்ப காலத்தில், அதாவது நிதானமான ஓட்டத்தில், கமகங்கள் குலையாமல் பாடிய முறை இப்பாடல்களுக்கு இன்றும் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. ஓட்டத்தை விரைவுபடுத்தினால் ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட அசைவுகள் அழிந்து, சொல்லும் மெட்டும் மட்டுமே எஞ்சும் என்பதால், இந்த நிதானம் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதன்று; பாடலின் உயிரே அதில் இருக்கிறது.

புதிதாக அவரை அணுக விரும்புவோர் ஆனந்தபைரவியிலிருந்து தொடங்குவது நல்லது. நேராக ஏறாமல் ச, க, ரி, க என வளைந்து ஏறும் அந்த ராகத்தில் அவர் இயற்றிய ‘ஓ ஜகதம்பா’, ‘மரிவேரே கதி’ ஆகியவை இன்று அந்த ராகத்தின் முகமாகவே அறியப்படுகின்றன. அங்கிருந்து மாஞ்சிக்கும் ஆகிரிக்கும் சென்று, ஒவ்வொரு பாடலையும் முதல் முறை தாளத்தைக் கருதாமலும், அடுத்த முறை கையால் தாளம் போட்டபடியும் கேட்டு, அதன்பின் பைரவி ஸ்வரஜதிக்கு வருவோருக்கு அதன் எட்டுப் படிகளும் தாமே புலப்படும். நிறையப் படைத்தவரிடம் கேட்பவர் தமக்குப் பிடித்ததைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். சாஸ்திரியிடமோ கிடைத்த சிலவற்றிலேயே நெடுநாள் தங்க வேண்டியிருக்கிறது. ஒரு பாடலோடு அவ்வாறு தங்கும் பழக்கத்தைக் கற்றுத் தருவது அவர் ரசிகருக்குச் செய்யும் பேருதவி; அப்பழக்கம் வாய்த்தவர் தியாகராஜரையும் தீட்சிதரையும்கூட முன்னிலும் ஆழமாகக் கேட்கத் தொடங்குவார்.

(அடுத்த வாரம்: தந்தையின் வழியில் வந்தும் தனக்கெனத் தனி நடை கண்ட சுப்பராய சாஸ்திரி)