இருளர் அறிவும் அறிவுசார் சொத்துரிமையும்: சட்டம் எதைத் திருட்டு என்கிறது?

2023ஆம் ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் நாடாளுமன்றம் அடுத்தடுத்த நாட்களில் இரண்டு சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. முதலாவது, திரைப்படங்களைக் களவாகப் பதிவுசெய்து பரப்புவோருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. இரண்டாவது, உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் திருத்தம். உயிர்வளங்களையும் அவை சார்ந்த மரபறிவையும் சட்டத்தை மீறி எடுத்துக்கொள்வோருக்கு அதிகபட்சம் 5 ஆண்டு வரை இருந்த சிறைத்தண்டனையை அது நீக்கி, அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது. ஒரே கூட்டத்தொடரில் ஒரு களவுக்குத் தண்டனை கூடியது. மற்றொன்று குற்றம் என்ற வரையறையிலிருந்தே வெளியேறியது.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்றத்தாழ்வு புதிதன்று. 2004இல் குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டும் சேர்க்கப்பட்டது. நடைபாதையில் திருட்டு விசிடி விற்றவரை ஓராண்டு வரை விசாரணையின்றிச் சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் கிடைத்தது. பழங்குடிகளின் அறிவை எடுத்துக்கொள்வோர் மீது அத்தகைய சட்டம் ஒருநாளும் பாய்ந்ததில்லை.

வடநெம்மேலியில் விலை போவது எது?

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழில் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், பாம்புத்தோல் ஏற்றுமதிக்கு 1976இல் வந்த தடையும் இருளர்களின் பிழைப்பைப் பறித்தன. அதற்கு மாற்றாக 1978இல் இச்சங்கம் உருவானது. உறுப்பினர்கள் வனத்துறை உரிமத்துடன் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவருகிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, பலமுறை நஞ்செடுத்தபின் அவற்றைக் காட்டில் விடுகிறார்கள். இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதி இங்கிருந்தே செல்கிறது.

அந்த நிறுவனங்கள் நஞ்சை எடைக்கு விலை பேசி வாங்குகின்றன. வரப்பு மண்ணில் பதிந்த தடத்தையும் வளைவாயில் கிடக்கும் எச்சத்தையும் சட்டையையும் கண்டு, உள்ளே எந்தப் பாம்பு இருக்கிறது என்று சொல்லும் அறிவு அந்த விலைப்பட்டியலில் இல்லை. செங்கல்பட்டு மாவட்ட இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா சதுப்புநிலத்துக்கு அழைக்கப்பட்டு மலைப்பாம்புகளைப் பிடித்துக்கொடுத்தனர். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அரசு அவர்களின் திறனுக்கு விருது கொடுத்தது. சட்டம் அத்திறனுக்கு இன்னும் உரிமை கொடுக்கவில்லை.

பாம்பில்லாத நஞ்சு

இந்திய நல்ல பாம்பின் முழு மரபணுத் தொகுதி 2020 ஜனவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' ஆய்விதழில் வெளியானது. நஞ்சுப் புரதங்களை ஆய்வகத்திலேயே உருவாக்கி, பாம்பும் குதிரையும் இன்றி நஞ்சுமுறி தயாரிப்பதே இத்தகைய ஆய்வுகளின் இலக்கு. அந்நிலை வந்தால் கோப்பை ஒன்றைப் பதிவிறக்கினால் போதும். வடநெம்மேலியின் துணை தேவைப்படாது. பௌதிகப் பொருள் கைமாறும்போது மட்டும் பயன்பகிர்வு கேட்கும் சட்டம், தரவு கைமாறும்போது வாயடைத்து நின்றுவிடும்.

இந்த ஓட்டையை அடைக்கவே 2025 பிப்ரவரியில் ஐ.நா. உயிரியல் பல்வகைமை உடன்படிக்கையின் கீழ் 'காலி நிதியம்' தொடங்கப்பட்டது. அதில் குறைந்தது பாதி பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் செல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் நிறுவனங்கள் பணம் செலுத்துவது கட்டாயமில்லை. இந்தியாவின் 2025 பயன்பகிர்வு ஒழுங்குவிதிகள் எண்மவழி மரபணுத் தகவலையும் உள்ளடக்குகின்றன. இது முன்னேற்றமே. எனினும், அறிவுக்கு உரியவர் இன்னார் என்று அடையாளம் காணப்பட்டால்தான் பணம் அவரிடம் நேரடியாகச் சேரும்.

சிக்கல் இங்கேதான். 2001இல் தொடங்கப்பட்ட மரபறிவு எண்ம நூலகம் ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களில் எழுதப்பட்டவற்றைத் தொகுத்து, அயல்நாட்டுக் காப்புரிமைகளைத் தடுக்கிறது. நூலில் ஏறாத இருளர் அறிவுக்கு அந்தக் கவசம் இல்லை. எழுத்து யாருக்கு மறுக்கப்பட்டது என்ற வரலாற்றை அறிந்த நமக்கு, எழுதப்பட்டதை மட்டும் அறிவாகக் கொள்ளும் சட்டத்தின் சார்பு எளிதில் புரியும்.

பூட்டுவது தீர்வா?

அப்படியானால் மரபணுத் தரவைப் பூட்டிவைக்கக் கோரலாமா? கூடாது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வொன்று மதிப்பிட்டது. இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். வயலில் வெறுங்காலோடு நிற்பவரும், தரையில் படுத்துறங்குபவரும் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலிவான, சிறந்த நஞ்சுமுறி நம் மக்களுக்கே முதலில் தேவை. எனவே நம் கோரிக்கை தனியுடைமை அன்று. முன்னறிவித்துப் பெறும் ஒப்புதல், ஆய்வில் பெயர், வருவாயில் பங்கு ஆகிய மூன்றுமே.

இதற்கான சட்டக் கருவிகள் முற்றிலும் இல்லாமல் இல்லை. காப்புரிமைச் சட்டத்தின் 25(1)(கே) பிரிவின்படி, ஒரு சமூகத்தின் வாய்மொழி அறிவில் ஏற்கெனவே இருப்பதைப் புதிய கண்டுபிடிப்பு என்று கோரும் விண்ணப்பத்தை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(கே) பிரிவு, அறிவுசார் சொத்துரிமையைச் சமூக உரிமையாகவே ஏற்கிறது. ஆனால் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் பட்டாவின்றி வாழும் செங்கல்பட்டு இருளர்களை வனவாசிகளாக நிறுவுவதே பெரும் போராட்டம்.

ஆகவே, உடனடியாகத் தொடங்கக்கூடியது உள்ளாட்சிகளின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. அறிவின் உரியவர்களாக இருளர்களை அதில் பதிவுசெய்ய வேண்டும். எதைப் பொதுவில் வைப்பது, எதை வைக்காமலிருப்பது என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். சட்டம் பயிலும் மாணவர்கள் இப்பணியில் கைகொடுக்கலாம்.

வடமாவட்டங்களில் இருளர்கள் மீது பொய்த் திருட்டு வழக்குகள் போடப்படுவதை நம் இயக்கங்கள் நன்கறியும். அவ்வழக்குகளில் அவர்களுக்காக வாதாடும் நாம், அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டவற்றுக்காகவும் வழக்காட வேண்டிய காலம் இது.