பெஷாவரும் திருவல்லிக்கேணியும்

சாணக்யபுரியில் 1970ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, 2007ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பெற்ற சாணக்யா திரையரங்கை நம் சங்கத்து மூத்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் கூடியிருக்குமிடத்தில் பழைய ஹிந்திப் படங்களைப் பற்றிய பேச்சு எப்படியும் வந்துவிடும். வந்தால், திலீப் குமார், வைஜயந்திமாலா இணையைத் தொடாமல் முடிவதில்லை. அவ்விருவரும் சேர்ந்து நடித்த கடைசிப் படம், அத்திரையரங்கு திறப்பதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. ஆயினும், பின்னர்ப் பிறந்த என் போன்றோரும் அப்படங்களை இன்று வீட்டிலிருந்தவாறே பார்க்க இயலுகின்றது. அண்மையில் அவ்வாறு பார்த்தபொழுது என் மனத்திற் பட்ட ஒன்றை, தில்லியில் பிள்ளைகளை வளர்த்துவரும் நம் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

திலீப் குமார் 1922ஆம் ஆண்டு பெஷாவர் நகரில் பிறந்தவர். இயற்பெயர் யூசுப் கான். பழ வியாபாரியான தந்தையுடன் குடும்பம் பம்பாய்ப் பக்கம் குடிபெயர்ந்தது. 1944இல் வெளிவந்த 'ஜ்வார் பாட்டா' அவருடைய முதற் படம். வைஜயந்திமாலா 1933ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். 'மங்கம்மா சபதம்' புகழ் வசுந்தரா தேவியின் மகள். ஏ.வி.எம். நிறுவனத்தின் 'வாழ்க்கை' (1949) அவரைத் தமிழ் மக்களுக்கு அறிமுகப்படுத்திற்று. அதன் ஹிந்தி வடிவமான 'பஹார்' (1951) வடநாட்டாருக்கு அறிமுகப்படுத்திற்று. ஆக, ஒருவர் வடமேற்கு எல்லையிலிருந்து வந்தவர். மற்றவர் தென்கோடியிலிருந்து சென்றவர். இருவருமே வந்தேறிகள் என்பதை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

இவர்கள் இணைந்து நடித்த படங்கள் ஏழு. முதலாவது, 1955இல் பிமல் ராய் இயக்கிய 'தேவதாஸ்'. அதில் சந்திரமுகியாக நடித்ததற்காக வைஜயந்திமாலாவுக்குச் சிறந்த துணை நடிகைக்கான பிலிம்பேர் பரிசு அறிவிக்கப்பட்டது. தம் பாத்திரம் பார்வதியின் பாத்திரத்திற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று, ஆகவே 'துணை' என்பது பொருந்தாது என்று கூறி அவர் அப்பரிசை ஏற்க மறுத்துவிட்டார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்றுதான். அயல்மொழிப் படவுலகில் அத்துணிவு எளிதன்று.

இரண்டாவது பி.ஆர். சோப்ராவின் 'நயா தௌர்' (1957). முதலில் மதுபாலாவே நடிப்பதாக இருந்து, வெளியூர்ப் படப்பிடிப்புப் பற்றி எழுந்த தகராறு நீதிமன்றம் வரை சென்றபின், அவ்விடம் வைஜயந்திமாலாவுக்கு வந்தது. குதிரை வண்டிக்கும் பஸ்ஸுக்கும் நடக்கும் பந்தயத்தை யார்தாம் மறப்பர்! அடுத்த ஆண்டு மீண்டும் பிமல் ராயின் 'மதுமதி', முற்பிறவிக் கதை. வைஜயந்திமாலா அதில் மூன்று வேடங்கள் ஏற்றார். அப்படம் பெற்ற ஒன்பது பிலிம்பேர் பரிசுகள் என்ற எண்ணிக்கை 37 ஆண்டுகள் முறியடிக்கப்படாமல் நின்றது. 1959இல் நம் ஜெமினி எஸ்.எஸ். வாசன் இயக்கிய 'பைகாம்', 1961இல் 'கங்கா ஜம்னா', 1964இல் 'லீடர்', இறுதியாக 1968இல், காசியைக் களமாகக் கொண்ட 'சங்கர்ஷ்'.

இவ்விணையின் வெற்றிக்குக் காரணம் யாது? இருவரும் ஒத்தவர்கள் என்பதன்று, ஒவ்வாதவர்கள் என்பதே. திலீப் குமார் குரலைத் தாழ்த்தி, சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடம் விட்டுப் பேசுபவர். வைஜயந்திமாலாவோ பரதம் பயின்றவர். கண்ணும் கழுத்தும் பாதமும் அவருக்குப் பேசும். அவர் மௌனம் காக்குமிடத்தை இவர் அசைவு நிரப்பும். இவர் ஆடி முடித்த இடத்தில் அவர் ஒரு சொல்லால் முடிச்சிடுவார். வெளியே உலவிய வதந்திகள் நமக்கு வேண்டா. திரையில் கண்டது போதும்.

இவ்விடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைக் குறிப்பிடலாம். ரயில்வே குமாஸ்தாவாக இங்கு வந்த புதிதில், வண்டி வந்துவிட்டது என்பதை 'காடீ ஆயா' என்று சொல்லிவிட்டேன். ஹிந்தியில் வண்டி பெண்பால். 'காடீ ஆயீ' என்றல்லவா சொல்ல வேண்டும்! வண்டியை அஃறிணை என்று கற்று வளர்ந்த நமக்கு அது ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்? அறையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் பல வாரங்கள், தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாதிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகளுள் சிலரும் பள்ளியில் இவ்வாறே வாய்மூடி இருப்பதாகப் பெற்றோர் சொல்லக் கேட்கிறேன்.

அத்தகையோர் 'கங்கா ஜம்னா'வைப் பார்க்க வேண்டும். திலீப் குமாரே தயாரித்து, நிதின் போஸ் இயக்கிய அப்படத்தில், நாயகனும் நாயகியும் பேசுவது ஏட்டு ஹிந்தியன்று. அவதியும் போஜ்புரியும் கலந்த கிராமத்துப் பேச்சு. பெஷாவரில் பிறந்தவருக்கும் அது தாய்மொழியன்று. திருவல்லிக்கேணியில் பிறந்தவருக்கும் அன்று. இருவருக்கும் சொந்தமல்லாத ஒரு பேச்சில் இருவரும் கணவன் மனைவியாக ஊடினர், கூடினர், அழுதனர். தன்னோ என்னும் அக்கிராமத்துப் பெண்ணாக நடித்ததற்கு வைஜயந்திமாலா அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான பிலிம்பேர் பரிசைப் பெற்றார். மொழி பிறப்பால் மட்டும் வருவதன்று, உழைப்பாலும் வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? கதையும் நம்மிடம் திரும்பி வந்தது. 1971இல் சிவாஜி கணேசனும் பத்மினியும் நடிக்க 'இரு துருவம்' என்று தமிழில் உருவாயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹிந்தியில் உச்சியில் நின்ற அக்காலத்தில் வைஜயந்திமாலா தமிழை விட்டுவிடவில்லை. 'பைகாம்' கதையையே 1960இல் வாசன் 'இரும்புத்திரை' என்று தமிழில் அளித்தபொழுது, சிவாஜி கணேசனுடன் அவரே நடித்தார். அவருடைய அன்னையே படத்திலும் அன்னையாக வந்தார். தன்னோவாகப் பேசிய அதே 1961இல், ஸ்ரீதரின் 'தேன் நிலவு' படத்தில் தமிழ்ப் பெண்ணாகவும் பேசினார். ஒன்று ஏறியதால் மற்றொன்று இறங்கவில்லை.

பின்னாளில் இருவரும் இத்தலைநகரின் நாடாளுமன்றத்துக்கும் வந்தனர். வைஜயந்திமாலா 1984, 1989 தேர்தல்களில் தென்சென்னையிலிருந்து மக்களவைக்கும், 1993இல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்கும் வந்தார்; திலீப் குமார் 2000 முதல் 2006 வரை மாநிலங்களவையில் இருந்தார். பத்ம விபூஷண் விருது அவருக்கு 2015இலும் இவருக்கு 2024இலும் அளிக்கப்பெற்றது. திலீப் குமார் 2021ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் தம் 98ஆம் வயதில் மறைந்தார்.

ஆகவே, பெற்றோர்களே, வகுப்பில் ஒரு பால் பிழைக்காகச் சிரிக்கப்பட்ட பிள்ளை வீடு திரும்பினால், ஒரு ஞாயிறன்று அதனை அருகில் அமர்த்திக்கொண்டு 'கங்கா ஜம்னா'வைப் பாருங்கள். மறு ஞாயிறன்று 'இரும்புத்திரை'யைப் பாருங்கள். இரண்டிலும் பேசுகின்றவர் ஒருவரே என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.