ஊரார் கூடும் பொது இல்லம்

இங்கிலாந்தில் மதுவிடுதியைக் குறிக்கும் ‘பப்’ என்னும் சொல், ‘பொது இல்லம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். நல்லதோர் ஊர் விடுதிக்குரிய இயல்புகள் யாவை என்பதை ஈண்டுக் காண்போம்.

எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், 1946ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாளிதழொன்றில் எழுதிய கட்டுரையில் அதற்குப் பத்து இயல்புகளை வகுத்தார். வானொலியின் இரைச்சலின்றி உரையாடத்தக்க அமைதி, வருவோரைப் பெயரறிந்து பேணும் பணிப்பெண்கள், குடும்பத்தோடு அமரத்தக்க தோட்டம் ஆகியன அவற்றுட் சில. அத்தகைய விடுதி உண்மையில் இல்லை என்பதையும் அவரே கூறிவிடுகிறார். மதுவினும் சூழலையே அவர் முதன்மையாகப் போற்றுவதை நாம் நோக்குதல் வேண்டும்.

அச்சூழலை உருவாக்குவோர் நாள்தோறும் வந்து செல்லும் அண்டை அயலாரே ஆவர். எனவே, விடுதி மூடப்படின் ஊர் தன் கூடுமிடத்தை இழக்கின்றது. கம்பிரியாவின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் சிற்றூரார், 2003இல் கூட்டுறவாக இணைந்து தம் ‘ஓல்டு கிரௌன்’ விடுதியை விலைக்கு வாங்கினர். 2011ஆம் ஆண்டுச் சட்டமொன்று, ஊர்ச்சொத்தாகப் பட்டியலிடப்பட்ட விடுதி விற்பனைக்கு வருங்கால், ஊரார் விலைகோர ஆறு மாத அவகாசம் அளித்தது. எனினும், சட்டம் தந்தது காலத்தையே. பொருளையும் ஒற்றுமையையும் ஊராரே திரட்ட வேண்டியிருந்தது.

ஆகவே, இழக்க ஊரார் உடன்படாத இடமே நல்ல விடுதி எனத் துணியலாம்.