இணையச் சொற்செயலி: எழுத ஏற்றது, காக்க ஏற்றதா?

நம் சங்கத்தில் இப்போது காகிதம் குறைந்துவிட்டது. செயற்குழுக் கூட்டக் குறிப்பு, பொங்கல் விழா நிகழ்ச்சி நிரல், உறுப்பினர் முகவரிப் பட்டியல், ஆண்டு மலருக்கு வரும் கட்டுரைகள் எல்லாமே "லிங்க் அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரியில் வந்து சேர்கின்றன. வீடுகளிலும் அப்படித்தான். வங்கிக்கு எழுதும் விண்ணப்பம், குடியிருப்புச் சங்கத்துக்குப் புகார், ஊரில் உள்ள நிலத்தின் விவரம் என்று பலவற்றையும் பிள்ளைகள் இணையத்திலேயே எழுதி இணையத்திலேயே விட்டுவிடுகிறார்கள்.

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கருவியைக் கண்டாலும் அது எப்படி வேலை செய்கிறது என்பதோடு, எப்போது வேலை செய்யாது என்றும் கேட்டுப் பார்ப்பது எங்கள் தொழில் கற்றுத் தந்த பழக்கம். அந்தக் கேள்வியை இணையச் சொற்செயலியிடம் கேட்டால் கிடைக்கும் பதில்களை வாசக அன்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது என்ன?

கடிதம், கட்டுரை முதலியவற்றைத் தட்டச்சு செய்து, திருத்தி, அச்சிட உதவும் மென்பொருளே சொற்செயலி. முன்பெல்லாம் இது நம் கணிப்பொறிக்குள் இருந்தது. இணையச் சொற்செயலியோ தொலைவில் உள்ள நிறுவனத்தின் கணிப்பொறிகளில் இருக்கிறது. நாம் எழுதுவதும் அங்கேயே சேமிக்கப்படுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் ரைட்டர் 2005-ல் வெளிவந்தது. ரைட்லி என்ற செயலியை 2006-ல் வாங்கித்தான் கூகுள் தன் டாக்ஸை உருவாக்கியது. மைக்ரோசாப்ட் 2010-ல் வேர்டின் இணையப் பதிப்பைக் கொண்டுவந்தது.

முதலில் நன்மை

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்காக டிரைவரிடம் டோக்கன் என்ற இரும்புப் பந்து ஒன்றைக் கொடுப்பார்கள். அது ஒருவர் கையில் இருக்கும்வரை இன்னொரு டோக்கன் கருவியிலிருந்து வெளியே வராது. பழைய சொற்செயலியும் அப்படியே. கோப்பு ஒருவர் கையில் இருந்தால் மற்றவர் காத்திருக்க வேண்டும். காத்திராமல் இருவரும் ஆளுக்கொரு பிரதியைத் திருத்திவிட்டால், எது கடைசிப் பிரதி என்று தேடியே ஒரு வாரம் போய்விடும்.

இணையச் சொற்செயலியில் இந்தத் தொல்லை இல்லை. செயலாளர் ஒரு பத்தியையும் பொருளாளர் இன்னொரு பத்தியையும் ஒரே சமயத்தில் திருத்தலாம். யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் பதிவாகிறது. தவறுதலாக அழித்ததை மீட்கலாம். பலர் கூடி ஒன்றை எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரிந்து இல்லை. குறைகளைச் சொல்லுமுன் இதை ஒப்புக்கொள்வதுதான் முறை.

இணைப்பு போனால்

இங்கே நாக்பூரில் கோடை மழைக்கு முன் வீசும் காற்றில் மின்சாரம் போனால், வீட்டு மோடமும் அதோடு போகிறது. மடிக்கணினியில் மின்கலம் இருந்தாலும் எழுத்து நின்றுவிடும். கூகுள் டாக்ஸில் இணைப்பில்லாமல் எழுதும் வசதி உண்டு. ஆனால் குரோம் அல்லது எட்ஜ் உலாவியில், இணைப்பு இருக்கும்போதே அதை இயக்கி வைத்திருக்க வேண்டும். குடை வாங்க மழை நிற்கட்டும் என்று காத்திருக்க முடியாதல்லவா? வேர்டின் இணையப் பதிப்புக்கோ இணைப்பு இருந்தே ஆகவேண்டும்.

நம் பக்கத்து இணைப்பு நன்றாக இருந்தும் அவர்கள் பக்கம் பழுதாவதும் உண்டு. 2020 டிசம்பர் 14 அன்று மாலை, நம் நேரப்படி ஐந்தேகால் மணி அளவில், கூகுளின் உள்நுழைவு அமைப்பு பழுதுபட்டு ஜிமெயில், டாக்ஸ் உள்ளிட்ட பல சேவைகள் ஏறத்தாழ 45 நிமிடம் உலகெங்கும் முடங்கின. 45 நிமிடம் பெரிதில்லை. ஆனால் விழா மேடையில் வரவேற்புரை வாசிக்க நிற்பவருக்கு அது பெரிதுதான்.

தமிழ் எழுத்துரு

நம்மைத் தனியாகப் பாதிக்கும் குறை இது. கணிப்பொறியில் நாம் நிறுவி வைத்திருக்கும் எழுத்துருக்கள் கூகுள் டாக்ஸுக்குள் வாரா. அவர்கள் வைத்திருப்பதில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்த மலர் போன்றவை அங்கே கிடைப்பதால் புதிதாக எழுதுவோருக்குச் சிரமமில்லை. பழைய கோப்புகளுக்குத்தான் ஆபத்து.

யூனிகோட் 1991-லேயே தமிழுக்கு இடம் கொடுத்தது. என்றாலும் அச்சகங்களும் சங்கங்களும் வெகுகாலம் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு செய்தன. இவற்றில் கணிப்பொறி சேமித்து வைப்பது தமிழ் எழுத்தை அன்று, ஆங்கில விசைகளை. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பதே. பாமினி எழுத்துரு இருக்கும் கணிப்பொறி அதை "அம்மா" என்று காட்டும். அந்த எழுத்துரு இல்லாத இணையச் சொற்செயலியில் ஏற்றினால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். எழுத்துரு மாற்றி என்ற மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு முழுக் கோப்பையும் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம்.

அச்சும் முகவரியும்

திரையில் நான்கு பக்கமாகத் தெரிந்த நிகழ்ச்சி நிரல் இன்னொரு சொற்செயலியில் திறந்தவுடன் ஐந்து பக்கமாவது அன்றாட அனுபவம். எழுத்துரு மாறினால் எழுத்தின் அகலம் மாறும், அகலம் மாறினால் வரி உடையும், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குப் போகும். அச்சகத்துக்கு அனுப்புவதைப் பிடிஎஃப் ஆக அனுப்பினால் இந்தத் தொல்லை இராது.

இருநூறு உறுப்பினர்களுக்கு அழைப்பிதழ் அனுப்பவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலிலிருந்து பெயரும் முகவரியும் தானாக வந்து உறைகளில் உட்காரும் மெயில் மெர்ஜ் வசதி முழு வேர்டில் வெகுகாலமாக உண்டு. அதன் இணையப் பதிப்பில் இல்லை. கூகுள் டாக்ஸின் இலவசப் பதிப்பில் துணைச் செயலி ஒன்றை நாடவேண்டும். ஸோஹோ ரைட்டரில் இருக்கிறது.

உறுப்பினர் பட்டியல் பற்றி இன்னொரு எச்சரிக்கை. "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற அமைப்பில் அதைப் பகிர்ந்தால், அந்த லிங்க் எத்தனை வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போகிறதோ அத்தனை பேருக்கும் நம் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் திறந்திருக்கும். பெயர் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் அனுமதி கொடுப்பதே நல்லது.

கோப்பு யார் கையில்?

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. கூகுள் டிரைவைக் கணிப்பொறியில் நிறுவியவர்கள், டாக்ஸ் கோப்புகள் தங்கள் வட்டில் இருப்பதாக நினைக்கிறார்கள். அங்கே ஜிடாக் என்ற பின்னொட்டோடு இருப்பது கோப்பு அன்று, கோப்பின் முகவரி. அதைப் பென் டிரைவில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தினால், வீட்டை விட்டுவிட்டு வீட்டு எண்ணைப் பெட்டியில் பூட்டிய கதைதான்.

கதவைத் திறப்பதும் மூடுவதும் நிறுவனத்தின் கையில். 2017 அக்டோபர் 31 அன்று ஒரு மென்பொருள் கோளாறால் கூகுள் டாக்ஸ் சிலருடைய கோப்புகளை விதிமீறல் என்று தவறாகக் குறித்துப் பூட்டிவிட்டது. பிறகு சரிசெய்தார்கள். இலவசக் கணக்கில் அஞ்சல், படம், கோப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 ஜிகாபைட் இடம். பேரனின் பிறந்தநாள் வீடியோக்களால் அது நிரம்பிவிட்டால் புதிய கோப்பு தொடங்க முடியாது. இரண்டாண்டு தொடாத தனியார் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியும் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், தம் கிராமத்துக் கோயில் வழக்கங்களையும் உறவுமுறைகளையும் நான்கு ஆண்டுகளாக இணையத்தில் எழுதி வந்தார். திடீரென்று காலமானார். பயன்படாத எண்ணுக்கு எதற்குப் பணம் கட்டுவது என்று வீட்டார் அவருடைய கைபேசி இணைப்பைத் துண்டித்தார்கள். பிறகு மகன் கணக்கைத் திறக்க முயன்றபோது, அந்த எண்ணுக்குத்தான் ரகசிய எண் போயிற்று. அதை வைத்திருந்த நிறுவனத்தைக் குறை சொல்ல முடியாது. பூட்டின் வேலை பூட்டியிருப்பதுதானே. பேத்திக்காக அவர் அச்சிட்டுக் கொடுத்திருந்த பதினோரு பக்கங்கள் மட்டுமே அந்தக் குடும்பத்தில் மிஞ்சியிருக்கின்றன.

என்ன செய்யலாம்?

1. எழுதி முடித்த ஒவ்வொன்றையும் பதிவிறக்கம் செய்யுங்கள். திருத்த வேண்டியதை டாக்எக்ஸ் அல்லது ஓடிடி வடிவிலும், அச்சுக்குரியதைப் பிடிஎஃப் வடிவிலும் வையுங்கள்.

2. கூகுள் கணக்கு முழுவதையும் ஒரேயடியாக எடுக்க டேக்அவுட் என்ற வசதி உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜையன்று என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

3. வீட்டுக் கணிப்பொறியில் லிப்ரே ஆபீஸை நிறுவுங்கள். இலவசம், இணைப்பு வேண்டாம், நம் எழுத்துருக்களையும் ஏற்கும்.

4. கணக்கு செயலற்றுப் போனால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதியைக் கூகுள் 2013 முதல் தருகிறது. மூத்தவர்கள் இதைப் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்துகொள்ளலாம்.

5. சங்கத்தின் கோப்புகள் தனியொருவர் கணக்கில் இருக்கக்கூடாது. சங்கத்துக்கென்று ஒரு கணக்கு, அதன் விவரம் பொறுப்பாளர்கள் இருவரிடம் என்று வைப்போம்.

சிக்னலில் பழுது ஏற்பட்டால் அது சிவப்புக்குப் போகவேண்டும் என்பது எங்கள் துறையின் முதல் பாடம். பழுது வராது என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. வந்தாலும் உயிருக்குச் சேதம் வராதபடி ஏற்பாடு செய்வார்கள். நம் எழுத்துக்கும் அதே ஏற்பாடு தேவை. தமிழ் நாட்டுக்கு வெளியே வாழும் நமக்கு, நம் ஊரைப் பற்றியும் உறவைப் பற்றியும் நாம் எழுதி வைப்பதைத் தவிரப் பேரப்பிள்ளைகளுக்கு வேறு ஆவணம் அதிகம் இல்லை. ஆகவே இணையத்தில் தாராளமாக எழுதுங்கள். ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து வையுங்கள்.