சேற்றில் சிக்கிய வண்டியை மீட்கச் சுழல் கொக்கி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாகூர், வில்லியனூர் பகுதிகளில் எருவும் நாற்றும் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் வயலோரச் சேற்றில் புதைவதுண்டு. கைக்குக் கிடைத்த சங்கிலியைப் பம்பரில் மாட்டி இழுப்பார்கள். பம்பர் பிய்ந்து தெறித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, இழுப்பதற்கென்றே தனிக் கொக்கி பொருத்திக்கொள்வது நலம்.

ஏன் சுழல் கொக்கி?

வரப்பும் வாய்க்காலும் உள்ள இடத்தில் வண்டியை நேராக இழுக்க வழி கிடைப்பது அரிது. சாதாரண வில் வடிவ ஷேக்கிளைப் பக்கவாட்டில் 45 பாகை சாய்த்து இழுத்தால், அது தாங்கும் பளு 100க்கு 70 ஆகக் குறையும்; 90 பாகையில் பாதியாகிவிடும். 4.75 டன் என்று பொறித்த 19 மி.மீ. ஷேக்கிள், குறுக்கு இழுவையில் 2.4 டன்கூடத் தாங்கும் என நம்புவதற்கில்லை. சுழல் கொக்கியோ இழுவை வரும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும்.

பொருத்தும் முறை

கொக்கி வலுவாக இருந்தால் மட்டும் போதாது. அது பிடித்திருக்கும் இடமும் வலுவாக இருக்கவேண்டும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கமோ வேறெங்கோ பட்டறையில் வண்டியை விடும் புதுவை விவசாயிகள் இவற்றைக் கவனிக்கவேண்டும்:

1. சேஸிஸ் சட்டத்தில் மட்டுமே பொருத்தவேண்டும். துருப்பிடித்த, விரிசல் கண்ட சட்டம் உதவாது.

2. சட்டத்தின் மறுபுறம் கனமான இரும்புத் தகடு கொடுத்து போல்ட்டை முடுக்கவேண்டும்.

3. போல்ட் தலையில் 8.8 அல்லது அதற்கு மேற்பட்ட எண் இருக்கவேண்டும். சாதாரண போல்ட் கூடாது.

4. கொக்கியை வெல்டிங் செய்யக்கூடாது. பதப்படுத்திய எஃகு சூட்டில் வலு இழக்கும்.

5. சேறு வண்டியை உறிஞ்சிப் பிடிக்கும். எனவே கொக்கியில் பொறித்துள்ள பளு, சுமையோடு கூடிய வண்டி எடையைப்போல் இரு மடங்கு இருப்பது நல்லது.

டிராக்டர் வைத்திருப்போருக்கு

டிராக்டரால் இழுக்கும்போது சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழுள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே மாட்டவேண்டும். அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டினால் முன்பக்கம் தூக்கி, கிளட்சை மிதிக்குமுன் டிராக்டர் பின்னால் கவிழ்ந்துவிடும்.

இழுக்கும் முன்

சக்கரத்தின் முன்னுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றிப் பலகை போடுங்கள்; பாதி வேலை முடிந்துவிடும். கம்பி வடத்தின் நடுவே ஈரச் சாக்கைப் போர்த்துங்கள்; அறுந்தாலும் வீச்சு குறையும். வெட்டி இழுக்காமல், வடத்தை விறைப்பாக்கிய பின் மெதுவாக இழுக்கவேண்டும். வேடிக்கை பார்ப்போரை, வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள்.